நேரம் தீர்ந்தபின் வருகிறவன்

சாயப்பட்டறைக்குச் சீல் விழுந்த ஏழாம் மாதம்
பூபதியண்ணன் ஓர் அட்டைப்பெட்டியை
மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார்.
"சும்மாவே காவல் இருந்தாக் கிறுக்குப் புடிச்சுக்கும்டா தெய்வசிகாமணி,
இந்தா, புடி."
உள்ளே மஞ்சள் பூத்த வீடியோ கேம்,
எலி கடித்த ஒயர்.
ஒரே ஒரு கேசட், ஊதினால்தான் ஓடும்.

எழுத்தெல்லாம் ஜப்பான்காரன் எழுத்து.
ஒருத்தன் பேரும் தெரியாது.
நானும் நாச்சிமுத்துவும்தான் வைத்தோம்.

முதல் கட்டத்தில் கோட்டை வாசலில் நிற்பவன் கொம்பன்.
வேல் எறிவான். மூன்று எறிந்ததும் மூச்சு வாங்குவான்.
அவன் மேலிருக்கும் சிவப்பு எனக்குப் பழக்கம்:
மூணு பர்சென்ட் ஷேடு, உப்புப் பத்தாமல் விட்டது.
பதினொரு வருஷம் விஞ்ச்சில் நின்றவனுக்கு
ராட்சசனைக் கண்டால் முதலில் நிறம்தான் தெரிகிறது,
அப்புறம்தான் பல்.

நாலாம் கட்டத்துக்காரன் பெரிசு. திரை கொள்ளாது.
அவன் வருமுன் மரம் போகும், மேகம் போகும்,
பின்னால் இருந்த மலை சத்தமில்லாமல் அழியும்.
மிச்சம் வெறும் கறுப்பு.
பயமுறுத்தத்தான் என்று நினைத்திருந்தேன்.
நாச்சிமுத்து டிவி மெக்கானிக்கிடம் கேட்டு வந்து சொன்னான்:
பெட்டிக்குள் அவ்வளவுதான் இடமாம்,
மலையை எடுத்தால்தான் அவனை வைக்க முடியுமாம்.
அன்றைக்குத்தான் எனக்கு முதுகு சில்லிட்டது.

ஆனாலும் அவன் சாவான்.
இடது முழங்காலில் பதினாறு அடி.

இன்னொருத்தன் இருக்கிறான்.
மேல் மூலையில் ஓடும் எண் பூஜ்யமானதும்
பாட்டு நின்றுபோகும்.
இடது ஓரத்திலிருந்து வெள்ளையாக ஒன்று வரும்.
அவசரமே கிடையாது. சுவரெல்லாம் அவனுக்குப் புகை.
கத்தி அவனுக்குள் போய் அக்கட்டால வந்துவிடும்.
எல்லா ராட்சசனுக்கும் கீழே உயிர்க்கோடு உண்டு,
அவனுக்கு இல்லை.
"தண்டல்காரன்" என்றான் நாச்சிமுத்து.
நான் ஒத்துக்கொள்ளவில்லை.
தண்டல்காரனிடம் "அடுத்த வாரமுங்க" என்று சொல்லலாம்.
ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.
பேரில்லாமலே விட்டோம் அவனை.

ஒரு ராத்திரி
நாச்சிமுத்து தாராபுரத்தில், ஒறம்பரை வீட்டுக் காதுகுத்துக்கு.
முதல் கட்டம். கொம்பன்கூட இன்னும் வரவில்லை.
ரிமோட்டைப் பாயில் வைத்துவிட்டேன்.
என் ஆள் கத்தியோடு நின்றான்,
மூச்சுக்கு இரண்டு புள்ளி மேலே, இரண்டு புள்ளி கீழே.
நூறு.
நாற்பது.
ஒன்பது.
வந்தான்.
கிட்டப் போய்ப் பார்த்தேன், மூக்கு கண்ணாடியில் இடிக்க.
முகமே வரையவில்லை அவனுக்கு.
அதற்கும் இடமில்லையோ என்னவோ.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன்.
விஞ்ச்சுகளில் துரு.
காய்ந்த தொட்டியின் அடியில் பாளம் பாளமாக வெடித்த நீலம்.
பின்சுவரில் சாக்குப் போட்டு மறைத்த குழாய்.
மழை ராத்திரிகளில் நான்தான் திறந்துவிடுவேன்,
மேஸ்திரி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.
அந்தப் பக்கம் நொய்யல்.
சனிக்கிழமை மெரூன், செவ்வாய்க்கிழமை நேவி ப்ளூ,
எந்தத் தேசத்து ஆர்டரோ அந்த நிறம் ஓடியது.

அந்த ஆட்டத்தில் நான் எத்தனாவது கட்டத்தில் நின்றேன்?
வாசல் கொம்பனா,
மலையை அழித்துவிட்டு வந்தவனா?
எந்த மீனாவது என் இடது முழங்காலைத்
தேடிப் பார்த்திருக்குமோ?

திரும்பி வந்து பெட்டியை அணைத்தேன்.
அதற்கு ஞாபகம் கிடையாது.
நாளைக்குப் போட்டால்
கொம்பன் முழு உயிரோடு வாசலில் நிற்பான்.

காலையில் பூபதியண்ணன் கேட்டார்,
"எத்தனாவது வரைக்கும்டா போனே?"
"எங்கியும் போகலைங்ணா.
நின்னுட்டே இருந்தேன்."