ஊமல் கரி

இரும்படுப்பை ஐந்து சந்தியில்
சஹாப்தீனின் பழைய இரும்புக் கடையில் எடுத்தேன்,
நிறுவைக்கு.
கதவில் வார்த்த எழுத்துகளில் மூன்றுதான் மிச்சம்.
எந்தத் தேசத்து உலையில் பிறந்ததென்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
கன்னியர் மடக் குசினியை இடித்தபோது வந்ததாம்.
நாலு கால். ஒன்று நொண்டி.
அதற்கு ஓர் ஓட்டுத்துண்டு.

மூன்று நத்தாருக்கு விறகு தின்னக் கொடுத்தோம்.
பூவரசு, புயலில் விழுந்த வேம்பு,
நனைந்து சீறும் பனைமட்டை.
நேசமலருக்கு இழுப்பு.
பக்கத்து வீட்டுக் கொடியில் வெள்ளைச் சீருடை.
கடைசியில் செபஸ்ரியானா ரீச்சர்
இரண்டு கிலோ கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்து
மேசையில் வைத்தா:
"இதில கருவாடு மணக்குது, பிள்ளை."

காஸ் விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

பூநகரியிலிருந்து லொறியில் வந்த ஊமல் கரி
இரண்டு சாக்கு இறக்கினேன்.
மண்ணுக்குள் கிடந்து கிழங்கு கொடுத்து,
வெட்டினால் பூரானும் கொடுத்து,
பிறகும் எரியத் தயாராக இருக்கிற கொட்டை.

கரி விறகு மாதிரி இல்லை.
விறகுக்குச் சாம்பல் மெத்தை வேண்டும்,
மேலால் காற்று வேண்டும்,
அடிக்கடி ஒரு பேச்சு, ஒரு தள்ளல்.
கரிக்குக் கீழால் மூச்சு.
சாம்பலை வழித்து, அடித்தட்டை மாற்றி
(வெல்டிங் கடைப் பெடியன் முறுக்குக் கம்பியில் அடித்துத் தந்தான்)
பற்றவைத்தால்
அரை மணித்தியாலம் ஒன்றும் நடவாது.
கிண்டினால் செத்துப்போகும்.
விட்டால்
உள்ளுக்குள் சிவந்து கிடக்கும்,
இன்றைய கோபத்தை நாளைக்கும் வைத்திருக்கிற ஆள் மாதிரி.

புகை இல்லை.
நேசமலர் இழுக்காமல் ஒரு முழு வசனம் சொன்னாள்,
அதுவும் என்னை ஏசித்தான்.

டிசம்பர் பதினெட்டு. குருநகர்ப் பக்கமிருந்து சாரல்.
மா நனையக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினேன்.
மூன்றாவது தட்டு உள்ளே போனபின்
அவள் முட்டை எண்ணினாள்.
இருபத்திரண்டு என்றாள்.
திரும்ப எண்ணி, பத்தொன்பது.
திரும்ப எண்ணி,
"இது ஆருடைய முட்டை?" என்றாள்.
நான் சிரித்தேன். சிரிப்பு தூரத்தில் கேட்டது.
எழும்பப் பார்த்தேன்,
முழங்கால் வேறு ஆருடையதோ.

விறகென்றால் இருமியிருப்போம்.
விறகு கோள்மூட்டி, ஊருக்கே சொல்லிவிடும்.
கரி நல்லபிள்ளையாய் இருந்து
கழுத்தைப் பிடிக்கும்.

கதவை எப்படித் திறந்தேனென்று தெரியாது.
படலையடியில், மழைக்குள்,
இரண்டு பேரும் குந்தி இருந்தோம்.
அவள் சத்தி எடுத்தாள்.
நான் அவளின் தலைமயிரைப் பிடித்திருந்தேன்.
கலியாணத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம்
சண்டையில்லாமல் பக்கத்தில் இருந்தது இதுதான் என்று
பிறகு அவள்தான் சொன்னாள்.
உள்ளே கேக் பொங்கி,
எங்களைக் கேளாமல் பதமாய் வெந்தது.

இப்போது ஜன்னல் சட்டத்தில் ஒரு செங்கல்.
நான் தொட்டால் அவள் ஏசுவாள், அவள் தொட்டால் நான்.
மழை வந்தால் மாச்சாக்கைத்தான் நகர்த்துவோம்.

நத்தாருக்கு முதல்நாள்
ரீச்சர் ஒரு துண்டு தின்று பார்த்தா.
கண்ணை மூடி, இன்னொரு துண்டு.
"நல்லாத்தான் இருக்கு."
பிறகு விரலை நக்கிக்கொண்டு,
"போன வருசம் இதில ஒரு வாசம் இருந்தது.
என்ன பிள்ளை போட்டனீர்?"

நேசமலர் என்னைப் பார்த்தாள்.
நான் செங்கல்லைப் பார்த்தேன்.