ஏறத்தாழ

திரையில் நிற்கும் எண் அவளுடையதல்ல.
முப்பத்திரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள
அக்ரிலிக் உருளை ஒன்றுக்கு
இயந்திரம் போட்ட கணக்கு அது.
உருளைக்கு ஈரல் கிடையாது.
உருளை நாள் தள்ளிப்போனதை
விரல்விட்டு எண்ணாது.

ஊட்ரம் பக்கம், இரண்டாம் அடித்தளம்.
மேலே மழையா என்று இங்கே தெரியாது,
குடை சொட்ட யாராவது வந்தால்தான் உண்டு.
வெய் ஷெங் சொட்டாமல் வந்தான்,
ஒரு கோப்போடு.
சுஹைலா. முப்பத்தொரு வயது. நாற்பத்தாறு கிலோ.
சிறுநீரகக் கல்லோ என்று
வயிறும் இடுப்பும் சிடி ஸ்கேன், போன செவ்வாய்.
கேட்டிருக்கிறார்கள்.
"இல்லை" என்று கையெழுத்திட்டிருக்கிறாள்.
பொய்யில்லை, அவளுக்கே தெரியாதது.
இப்போது ஐந்து வாரம் என்கிறது
பாலிக்ளினிக் சீட்டு.

என் கணினிக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கிறது:
எழுபத்துமூன்று கிலோவில் ஓர் ஆண்,
அறுபதில் ஒரு பெண்,
வளரவே வளராத குழந்தைகள்,
மூன்று, ஆறு, ஒன்பது மாதத்தில்
பிரசவமே ஆகாத மூன்று கர்ப்பிணிகள்.
எவருக்கும் பெயரில்லை.
எல்லோருக்கும் தைராய்டு உண்டு.
ஐந்து வாரத்துக்கு மட்டும் ஆளில்லை.
எள்ளளவு என்போமே,
அந்த எள்ளுக்கு யாரும் உருவம் செய்து வைக்கவில்லை.
ஆகவே விதி இப்படி:
கருப்பை வாங்கியதே கரு வாங்கியது.

அறுபது கிலோப் பெண்ணை
நாற்பத்தாறுக்கு இளைக்க வைத்தேன்.
மெலிந்த உடம்பு மறைப்பது குறைவு;
அதே கதிர் இன்னும் ஆழத்துக்கு இறங்கும்.
குழாயை அவளைச் சுற்றி ஓடவிட்டேன்.
ஒரு கோடி ஃபோட்டான்கள்.
எது எலும்பில் மோதும், எது திசை மாறும்,
எது ஒன்றுமே செய்யாமல் மறுபுறம் போய்விடும்,
ஒவ்வொன்றுக்கும் பகடை.
மாண்டி கார்லோ என்று
இந்த முறைக்குச் சூதாட்ட ஊரின் பெயர்.
மரீனா பேயில் உள்ளே காலெடுத்து வைக்கவே
நம்மவர் நூற்றைம்பது வெள்ளி கட்ட வேண்டும்.
இங்கே இலவசம்.
ஆடுவது நான், பந்தயம் அவளுடையது.

பதினொன்றேகாலுக்கு வந்து நின்றது.
கருப்பை, ஒன்பது மில்லிகிரே.
நூற்றுக்கு இருபது அப்படியிப்படி.
கோப்பி-ஓ ஆறிப்போயிருந்தது.
கடைசி ரயிலில்
எதிரே உட்கார்ந்திருந்த எல்லோருடைய வயிற்றின் விட்டத்தையும்
கண்ணாலேயே அளந்துகொண்டு போனேன்.

காலையில் வந்தாள்,
பேருந்து ஓட்டுநர் சீருடையில்.
நூறுக்குக் கீழே என்றால்
கலைப்பது பற்றிய பேச்சே வேண்டாம்
என்றுதான் துறையில் எல்லோரும் சொல்வார்கள் என்றேன்.
உங்களுக்கு ஒன்பது. ஏறத்தாழ.
எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில்
லெபே குராங் என்றேன்.
கூட, குறைய.
அந்த மொழியும் அப்படித்தான் ஒப்புக்கொள்கிறது.

சிரித்தாள், கொஞ்சம்.
"என் பஸ் மூன்று நிமிடத்தில் வரும் என்று
நிறுத்தத்துப் பலகை சொல்லும்.
நான் அப்போது சிவப்பு விளக்கில் நின்றிருப்பேன்.
ஆனால் வந்துவிடுவேன்."

தாளை நான்காய் மடித்தாள்.
கதவருகே நின்று கேட்டாள்:
அதற்கு வலித்திருக்குமா?

என் அட்டவணையில்
அதற்கொரு கட்டம் இல்லை.
இல்லை, வலி என்ற ஒன்று முளைக்கவே
இன்னும் வெகுநாள் இருக்கிறது என்றேன்.
இதை மட்டும்
ஏறத்தாழ போடாமல்.