பதினைந்து கிலோ வரை

எட்டாம் மாதம். சம்பளம் வந்த மறுநாள்
புரசைவாக்கத்தில் ஒரு கடை.
ஏசிக் குளிர், முகம் தெரிகிற தரை.
செல்வின் ஒற்றை விரலால் தள்ளினான்.
வண்டி தானாக ஓடிப் போய்
மரத்தொட்டில்களுக்கு நடுவே நின்றது.
"பாரேன், எவ்ளோ ஸ்மூத்."
ஒன்பதாயிரத்து நானூறு.
மேலே குடை, கீழே கூடை,
பால்புட்டிக்கென்று தனியாக ஒரு வளையம்.
பதினைந்து கிலோ வரை தாங்கும் என்று
பிடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.
எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது என்பது
அந்தத் தரையில் நிற்கும்போது
இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

பிள்ளை பிறந்த நாற்பத்து மூன்றாம் நாள்
முதன்முதலாக அவளை வெளியே கொண்டுபோனோம்.
அதாவது, அவன் வண்டியோடு ஒருமுறை இறங்கினான்,
நான் அவளோடு ஒருமுறை,
மறந்துபோன துணிக்காக அவன் ஏறி, மறுபடி ஒருமுறை.
அயனாவரத்தில் எங்கள் தெருவுக்கு நடைபாதை உண்டு.
அதன்மேல் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு.
ஆறு பைக்குகள், இஸ்திரி வண்டி,
யாரோ தோண்டி, யாரோ பாதி மூடிய பள்ளம்.
ரோட்டில் இறக்கினால்
முதுகுக்குப் பின்னால் தண்ணி லாரியின் ஹாரன்.
அவள் வீறிட்டாள்.
இஸ்திரிப் பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி மாசிலாமணி சொன்னார்:
"தோள்ல போட்டுக்கிட்டுப் போம்மா, ரெண்டு நிமிசம்."
மருந்துக்கடை வரைகூடப் போய்ச் சேரவில்லை.

கடைசியில் உதவியது எது என்று கேட்டால்
சிரிப்பு வருகிறது.
ஆஸ்பத்திரி வாசலில் அவசரத்துக்கு வாங்கிய
முப்பது ரூபாய் பாலாடை.
எதிர்வீட்டு பர்வீன் கொடுத்த கொசுவலைக் குடை,
அதில் ஒரு கம்பி முறிந்தது.
செல்வினின் பழைய லுங்கிகள், துவைத்துத் துவைத்து
அவனே மெலிந்துபோன மாதிரி ஆனவை.
புட்டி அவிக்கிற மின்சாரப் பாத்திரத்தில்
இப்போது முட்டை வேகிறது.
தையல் போட்ட இடம் வலிக்காமல் உட்கார
எனக்கு ஒரு காற்றுவளையம் தேவைப்பட்டது.
அந்தப் பெரிய கடையின் எந்த அலமாரியிலும்
அது இல்லை.
எனக்கென்று எதுவுமே இல்லை என்பதை
அன்றைக்கு நான் கவனிக்கவும் இல்லை.

மே மாதம் ஒரு ராத்திரி
ஒன்றரைக்குக் கரண்ட் போனது.
வண்டி வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்தேன்.
அதில் பொன்முடிக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.
எந்த ஊரோ. பின்னால் புல்வெளி, கழுத்தில் வேர்க்குரு இல்லை.
அந்தச் சிரிப்பைப் பிடித்து
என் பிள்ளைக்கு விசிறினேன்.
கை மாற்றி, கை மாற்றி,
மூன்றேகால் வரை.
அவள் எப்போதோ தூங்கிவிட்டாள்.
தெரிந்தும்
நிறுத்தப் பயமாக இருந்தது.

வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது.
தினம் காலையில் முனைக்கடையிலிருந்து
தண்ணீர் கேன் அதில்தான் வருகிறது.
குடையை மடக்கி, பெல்ட்டைக் குறுக்கே மாட்டி
செல்வின் நடுரோட்டில் தள்ளிக்கொண்டு வருவான்.
கேனுக்கு லாரியிடம் பயமில்லை.
இருபது லிட்டர்.
ஒருநாள்கூடச் சக்கரம் முனகியதில்லை.
வீட்டுக்காரர் வரதராஜுலு அதைப் பார்த்துவிட்டு
எங்கே வாங்கினது என்று விசாரித்தார்.
அவர் வீட்டில் குழந்தை கிடையாது.

நேற்று எக்ஸ்ரே ரூம் அனுசுயா போன் பண்ணினாள்.
ஏழாம் மாதம்.
"என்னென்ன வாங்கணும், நீதான் சொல்லணும்."
பாலாடையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று
வாயெடுத்தேன்.
அவளுக்குப் பின்னால்
வழவழத் தரையில் சக்கரம் உருளும் சத்தம்.
யாரோ ஒருவன், அவள் வீட்டுக்காரனாக இருக்கும்,
சின்னப் பையன் மாதிரி சிரிக்கிறான்.
"நீலமா, சாம்பலா? சீக்கிரம் சொல்லு."

சாம்பல் என்றேன்.
அழுக்கு தெரியாது.
அப்புறம், எந்த மாடி உங்க வீடு?
சரி, பரவாயில்லை.
ரெண்டு கையாலும் நல்லா அழுத்திப் பார்,
எவ்வளவு தாங்குதுன்னு.