வைத்துக்கொள்வதா, அழிப்பதா

பச்சைப் பொத்தானை அமத்தினால்
என் நேரம் காசாகத் தொடங்கும்,
மணிக்குப் பதினொரு டொலர்.
சிவப்பை அமத்தினால் அது வெறும் நேரம்,
வெள்ளவத்தையில் எல்லாருக்கும் கிடைக்கிற
உப்புப் பிடித்த நேரம்.

டொரொன்டோவில் ஓர் ஆஸ்பத்திரி.
அங்கே வந்து படுக்கும் தமிழ்க் கிழவர்களுக்காகப்
பதினாறு பக்கப் படிவம்.
இரத்த வகை, ஒவ்வாமை, கட்டுப்பல்
எல்லாம் தமிழாகிவிட்டன.
ஏழாம் பக்கத்தில் நிற்கிறேன்:
நெக்ஸ்ட் ஒஃப் கின்.

அடுத்த உறவினர் என்றால்
சங்கக்கடை வரிசையில் நிற்பவர் மாதிரி இருக்கிறது.
நெருங்கிய உறவினர் என்றால்
எவ்வளவு நெருக்கம் என்று கிழவர் கேட்பார்.
உரித்தாளி என்று போட்டால்
உயிர் போக முதலே காணி பிரிக்க வந்தாயோ
என்று பேனையை எறிவார்.

மூன்றையும் எழுதினேன், மூன்றையும் அழித்தேன்.
பத்து நிமிடத்துக்கு ஒருக்கால்
என் திரையைப் படம் பிடித்து
மென்பொருள் கனடாவுக்கு அனுப்பும்.
மூன்று படத்திலும்
அதே வெற்றுக் கோடு.

பாணந்துறை ரயில் போனது.
அலுமாரிக் கண்ணாடி கொஞ்சம் நடுங்கி
பிறகு தன்பாட்டில் நின்றது.
லிப்ட் பழுது. நாலு மாடியும் இறங்கினேன்.

வாசலில் சந்தனம்,
ஆறு மணிக்கு டியூட்டி மாறி
தொப்பியை இன்னும் போடாமல்,
மெனேஜ்மென்ட் கொடுத்த புதுக் கொப்பியில்
வீடு வீடாகப் பேர் பதிகிறார்.
"நாலு பீ. நீங்க ஒருத்தர்தானே மிஸ்?"
ஓம்.
"ஐடி நம்பர்?"
சொன்னேன்.
"ஏதாச்சும்னா யாருக்குச் சொல்லணும்?"

கட்டத்தின்மேல் அவர் பேனை
அவசரமில்லாமல் காத்திருந்தது.

இதுதானா!
அகராதி நாலு புரட்டியும் வராதது
பொகவந்தலாவைத் தமிழில்
சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்த மாதிரி.
சந்தோசத்தில் பதில் சொல்ல மறந்துபோனேன்.

இல்லை. மறக்கவில்லை.
தேடிக்கொண்டு நின்றேன்.
அம்மா இல்லை.
அண்ணா பாரிசில், நம்பர் மாற்றிவிட்டான்.
மூன்றாம் மாடி நிரோஜினி இருந்தாள்,
மாசியில் மெல்பனுக்குப் போய்விட்டாள்,
அவளுடைய கறிவேப்பிலைச் சாடி மட்டும்
என்னிடம்.
பேந்து சொல்லுறன் என்றுவிட்டு
மரைன் டிரைவில் நடந்தேன்.
கடல் பக்கமிருந்து காற்று,
கையில் தேவையில்லாமல் கொண்டுவந்த வெறும் போத்தல்.
கணக்குப் பார்த்தால்
நான் அசையாமல் கிடந்தால்
முதலில் கவனிப்பது
அந்த மென்பொருள்தான்.

மேலே வந்தபோது
கவனித்துத்தான் இருந்தது.
'ஐம்பத்திரண்டு நிமிடமாக நீங்கள் வேலை செய்யவில்லை.
இந்த நேரத்தை வைத்துக்கொள்வதா, அழிப்பதா?'

ஒன்பதரை டொலர்.
காஸ் சிலிண்டரில் முக்கால்.
சொல்லைத் தேடிய நேரம் வேலைதானே என்று
எனக்காக நானே வாதாடினேன்.
ஆனால் அதில் எத்தனை நிமிடம் சொல்லைத் தேடினேன்,
எத்தனை நிமிடம் ஆளைத் தேடினேன்?

அழித்தேன்.
பிறகு ஏழாம் பக்கத்தில் தட்டினேன்:
ஏதும் நடந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்?
பதினொரு செக்கன். மூன்று சதம்.

இன்வொய்ஸ் இலக்கம் நூற்றிப் பதினேழு.
விபரம்: மொழிபெயர்ப்பு.
முப்பது நாளுக்குள் செலுத்தவும்.
வீட்டுக்காரர் ஃபலீலுக்கு
முப்பது நாள் என்ற சொல்லே தெரியாது,
ஐந்தாம் திகதி மட்டும் தெரியும்.

மறுநாள் இரவு
தேத்தண்ணிக் கிளாசோடு இறங்கி
கொப்பியை வாங்கி
அந்தக் கட்டத்தில் நானே எழுதினேன்:
சந்தனம், வாசல்.

டோர்ச் அடித்து
எழுத்துக்கூட்டி வாசித்தார்.
கிளாசைக் கீழே வைத்தார்.
"எனக்கு நைட் மட்டுந்தான் டியூட்டி, மிஸ்."

பரவாயில்லை,
பகலுக்கு ஆள் இருக்கு என்றேன்.