மூன்று நிமிடம்

பச்சைக் கோட்டுக்காரர் அட்டையைக் கண்ணருகே வைத்தார்,
தள்ளி வைத்தார்,
"மிஸஸ் பூ..." என்று நிறுத்திவிட்டார்.
இந்த ஊரில் பூ என்றால் என்னவென்று
நர்சரிக் குழந்தைக்கும் தெரியும்.
"விழி" என்று முடித்துக்கொடுத்தேன்.
மன்னிப்புக் கேட்டார். காற்றும் கேட்டிருக்கலாம்.

டன்பார், மே மாதம், வசந்தகால மெடல்.
வலப்பக்கம் கடல், அந்தக் கோடியில் சிமெண்ட் ஆலை.
நடுவில் நான்,
கவுன்சில் சம்பளப் பிரிவில் தசமப் புள்ளி தவறாதவள்,
ஹேண்டிகேப் இருபத்தொன்பது.

ஆறு குழிவரை சொல்வதற்கு அதிகமில்லை.
மூன்றாவதில் மட்டும் ஒரு பட், பதினைந்து அடி,
கடன் கேட்கப் போனவர் மாதிரி
வாசலில் தயங்கித் தயங்கி
உள்ளே விழுந்தது.
அந்த நினைப்பில்தான் ஏழாவதில் ஓங்கினேன்.

பந்து நன்றாகத்தான் கிளம்பியது.
காற்றுக்கு வேறு யோசனை இருந்தது.

"எதற்கும் இன்னொன்று அடித்து வைக்கிறீர்களா?"
கீத் கேட்டார். குழாய் வேலைக்காரர்,
கசிவை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பவர்.
"வேண்டாம். விழுந்த இடம் தெரியும்."
தெரியும் என்ற சொல்லை
அன்று அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

கோர்ஸ் புதர். மஞ்சள் பூ. விரல் நுழைய இடமில்லாத முள்.
உள்ளேயிருந்து வந்த வாசம்
துருவிய தேங்காய், சத்தியமாக,
புட்டுக் குழலைத் திறந்த மாதிரி.

தேடுவதற்கு மூன்று நிமிடம்.
சட்டம் அவ்வளவுதான் தரும்.
கீத் கைக்கடிகாரத்தை அழுத்தினார்.
இஷ்பெல் ரான்கின், ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர்,
பசுவின் வயிற்றுக்குள் தோள்வரை விட்டுப் பழகிய கையை
என் பந்துக்காக முள்ளுக்குள் விட்டார்.
பக்கத்துப் பாதையில் ஆடிய பையன் ஒருவன்
பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து குனிந்தான்.
பெயர் கேட்க நேரமில்லை.

என் பொருள் ஒன்றுக்காக
இத்தனை முதுகுகள் வளைந்து நான் பார்த்ததில்லை.
வந்திறங்கிய அன்று என் பெட்டி வரவில்லை.
அப்போது ஒரு படிவம் தந்தார்கள்.

யாரோ விட்ட பந்துகள் இரண்டு, முயல் புழுக்கை,
ஒற்றைக் கையுறை.

"நேரம்" என்றார் கீத்,
தண்ணீரை அடைத்துவிட்டேன் என்பது போல.

காலெடுத்து வைத்திருப்பேன்.
இஷ்பெல் நிமிர்ந்தார், முழங்கைவரை சிவப்புக் கீறல்:
"உன்னுடையதில் நத்தைப் படம் போட்டிருக்குமா?"

நத்தை இல்லை. ழ.
முந்தின இரவு, சமையல் மேடையில், சிவப்புப் பேனாவால்.
இந்தக் கடற்கரையில் வேறெவரும்
போடமாட்டார் என்று எடுத்த எழுத்து.

மூன்று நிமிடம், பத்து விநாடி.
பந்து என் உள்ளங்கையில் இருந்தது.
சட்டப்படி தொலைந்தும் போயிருந்தது.
"பத்து விநாடிதானே" என்றான் பையன்.
என் அட்டையை எழுதுகிற கீத்
கடிகாரத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார்.
பத்துப் பென்னிக்காக
எத்தனை பேரின் கோப்பைத் திரும்பத் திறக்கவைத்திருக்கிறேன்!
சிரிப்பு வந்தது.

நடந்தேன், நூற்றைம்பது கஜம், வந்த வழியே.
டீ மேட்டில் காத்திருந்த மூவரும்
பேருந்தில் கர்ப்பிணிக்கு இடம் விடுவது போல
கண்ணைப் பார்க்காமல் ஒதுங்கினார்கள்.
மூன்றாவது அடி என்று கணக்கு.
பந்து நேராகப் போனது, வெட்கமே இல்லாமல்.

அந்தக் குழியில் ஒன்பது.
மொத்தம் நூற்றுப் பதினாறு.
நாற்பத்தாறு பேரில் நாற்பத்து நான்காவது.
நாற்பத்தைந்து கீத்;
அதைப்பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

கிளப்பில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.
பர்ஸிலிருந்த ஊக்கை எடுத்து
இஷ்பெலின் கையை மேசைமேல் மல்லாத்தி வைத்து
முள் முள்ளாக எடுத்தேன்.
"அந்த நத்தையை எப்படிச் சொல்வது?"
நாக்கை மடிக்கச் சொன்னேன்.
கீத்தும் முயன்றார், வாயில் ரொட்டியோடு.
எட்டாவது முள் வருவதற்குள்
இஷ்பெலுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது.