நாட்காட்டி ஆணி

மருந்துப் பையைத் தொங்கவிட இடம் தேடினார் தாதி ரோவினா.
திரைச்சீலைக் கம்பி எட்டவில்லை,
அலமாரிக் கைப்பிடி ரொம்பத் தாழ்வு.
கடைசியில் நாட்காட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு
அந்த ஆணியைக் காட்டினேன்.
"பெர்ஃபெக்ட், அங்கிள்."
அன்றைக்குத் தேதி ஒன்பது.

யீஷூன், பதினோராவது மாடி.
லோகாம்பாளின் மணிக்கட்டில் பட்டை,
பட்டையில் படுக்கை எண்.
இருபத்தாறு வருஷமாகப் படுக்கிற கட்டில்,
இப்போதுதான் இதுக்கு ஒரு நம்பர் கிடைச்சிருக்கு என்று
மூச்சிரைக்கச் சிரித்தாள்.

களைத்துப்போன இதயம்
தண்ணீரையெல்லாம் காலில் இறக்கி வைத்திருந்தது.
விரலால் அழுத்தினால் குழி விழும்,
பிசைந்த மாவில் விழுவதுபோல.
காலை எட்டுக்கு ஊசி, மாலை நாலுக்கு ஊசி,
நடுவில் திரையில் டாக்டர் கோ.
மேல்வீட்டில் தரையைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.
"உங்கள் வார்டு ரொம்பச் சத்தம்" என்றார்.

எழுபத்தொன்று புள்ளி நாலு.
எழுபது புள்ளி ஆறு.
அறுபத்தொன்பது.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் நான் எழுதினேன்.
ஒருநாள் அந்தக் கதவைத் திறந்த ரோவினா
கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்தார்,
எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் என் கையில் கொடுத்தார்.
மருத்துவமனையில் இதுவரை யாரும்
அவளுடைய ஊறுகாயைப் பரிசோதித்ததில்லை.

ஆறாம் நாள் பையைக் கழற்றினார்கள்,
பட்டையைக் கத்தரித்தார்கள்,
கட்டில் மறுபடி வெறும் கட்டிலாயிற்று.
நான் இரவுக் காவலுக்குத் திரும்பினேன்.
யார் யாருடைய கார்கள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தன,
எழுதி வைத்தேன், ஒன்று விடாமல்.

இருபத்தெட்டாம் தேதி விடிகாலை
மூன்று தலையணையும் போதாமல்
நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னை அழைத்தாள்.
கைப்பேசியில் மூச்சு மட்டும் வந்தது.

வார்டில் பக்கத்துப் படுக்கையில் மேடம் சுவா.
முதல் தடவை அவசரப் பிரிவில் ஒன்றாகத்தான் காத்திருந்தோம்.
அவருக்கும் இதே இதயம், இதே தண்ணீர்.
அவரை மேலே அனுப்பினார்கள், எங்களை வீட்டுக்கு.
எட்டு நாள் இங்கேயே இருந்தாராம்,
அளந்த உப்பு, அளந்த தண்ணீர்,
அப்புறம் வீட்டுக்குப் போய் மகன் வாங்கி வந்த மீ.
"நீயுமா?" என்று கேட்டார் லோகாம்பாளை.
இரண்டு பேரும் சிரிக்கப்போய்
இரண்டு பேருக்கும் இருமல்.

ஆய்வுக்காக ஒரு பெண் வந்தாள். ஹஸ்லினா.
முப்பது நாளுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டாரா?
ஆம் என்பதற்கு ஒரு கட்டம்.
மேடம் சுவாவுக்கும் அதே கட்டம்.
வீடு தோற்றதா, வார்டு தோற்றதா என்று கேட்டேன்.
இரண்டு பேரை வைத்துச் சொல்ல முடியாது அங்கிள்,
நிறையப் பேர் வேண்டும் என்றாள்.
சரிதான்.
எனக்கு இருப்பது ஒருத்தி.

இரவு வீட்டுக்கு வந்தேன். ஆணி காலி.
மேசைமேல் நாட்காட்டி இன்னும் ஒன்பதிலேயே.
கிழிக்க ஆரம்பித்தேன்.
ராகுகாலம், நல்ல நேரம், சூலம்,
எல்லாம் இருந்தது தாள்தோறும்.
குளிர்பெட்டிக் கதவில் கடைசி எடை
இருபத்திரண்டாம் தேதி, அவள் கையெழுத்தில்.
அந்தத் தாளுக்கு வந்ததும் கை நின்றது.

பேட்டரி போச்சு, வர்றப்ப வாங்கிட்டு வாங்க.
சொன்னாள்.
காலணி மாட்டிக்கொண்டே சரி என்றேன்.

கட்டிலுக்கடியிலிருந்து எடை இயந்திரத்தை இழுத்துத்
தூசி துடைத்தேன்.
கீழே கடை மூடியிருக்கும்.
தொலைக்காட்சி ரிமோட்டிலிருந்து இரண்டைக் கழற்றிப் போட்டு
ஏறி நின்றேன்.
வேலை செய்கிறது.