மைலோ டின்னில் ஆறு சீட்டு

நகைக்குக் கூட்டு கட்டுவார்கள்,
பிள்ளை கல்யாணத்துக்கு, காரின் முன்பணத்துக்கு.
நாங்கள் கட்டியது
ஒரு மாதச் சம்பளமில்லா லீவுக்கு.

செந்தூல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
விடிய விடியத் திறந்திருக்கும் ஷாகுல் கடை.
செவ்வாய் இரவு பதினொன்றுக்கு மேல்
இரண்டு மேசையை இழுத்து ஒட்டிப்போடுவோம்.
ஆறு பேர். ஆளுக்கு முந்நூறு வெள்ளி.
ஆயிரத்து எண்ணூறு.
ஒருவர் வேலைக்குப் போகாமல்
ஒரு மாதம் உட்கார்ந்து எழுதப் போதும்,
முட்டையைக் குறைத்துக்கொண்டால்.

டிவி நாடகங்களில் நாங்களும் வந்திருக்கிறோம், ஒரு வகையில்.
லோரி ஓட்டும் புஷ்பநாதன் என்றால் அடியாள்.
ரெபேக்கா மாதிரிக் கல்லாப்பெண்கள்
பின்னால் மங்கலாகச் சில்லறை கொடுப்பார்கள்.
நிஷாலினி மாதிரி ஒருத்தி கதவைத் திறந்தாலே
சிரிப்பொலி சேர்த்துவிடுவார்கள்.
நான் மருத்துவமனைப் பதிவுக் கவுண்டர்:
"டாக்டர் வர்றார்" என்பதோடு
என் வசனம் முடிந்துவிடும்.

முதல் சீட்டு புஷ்பநாதனுக்கு.
துறைமுகத்தில் கண்டெய்னர் வரிசையில்
ஒன்பது மணி நேரம் நிற்கிறவனின் கதை.
நிறுவனம் பாராட்டியது.
கதாநாயகி வீட்டுக்குள் மாடிப்படி இருந்தால்
நன்றாயிருக்கும் என்றது.
"படிக்கென்ன பஞ்சம்,
அவள் இருப்பது பதினாறாவது மாடி,
லிஃப்ட் கெட்டு மூன்று வாரம்"
என்று எழுதி அனுப்பினார்.
அதற்குப் பிறகு பதில் இல்லை.

இரண்டாவது சீட்டில் என் பெயர்.

பங்சாரில் பதினோராவது மாடி.
கீழே காவலரின் நோட்டில்
'வந்த காரணம்' என்றொரு கட்டம்.
'சும்மா பார்க்க' என்று எழுதினேன்.
ஏன் அப்படி எழுதினேன் என்று
இன்றைக்கும் தெரியவில்லை.

சுவரில் என் காட்சி பெரிதாகத் தெரிந்தது.
இரவு ஷிப்ட் முடிந்து வரும் தாய் மகனிடம்
"பசியாறிட்டியா?" என்பாள்.
அதை அடித்து, மேலே சிவப்பில்,
"சாப்ட்டியா கண்ணா?"

"பசியாறுறதுன்னா யாருக்கும்மா புரியும்?"
கேட்டவர் ஈப்போக்காரர்.
எனக்கு வாதாட வராது.
கவுண்டரில் பழகிய குரல்தான் வந்தது:
"நீங்க காலையில பசியாறிட்டீங்களா, சார்?"
"ம், ஆறிட்டேன்" என்றார்,
சுவரைப் பார்த்தபடியே.

முதலில் சிரித்ததும் அவர்தான்.

அந்தச் சொல் நின்றது.
மற்றப் பதினேழு நிற்கவில்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
என் பெயர் இரண்டு விநாடி ஓடியது,
திலகேஸ்வரியில் ஒரு 'ஸ்' இல்லாமல்.
ஷாகுல் பந்தாட்டத்தை நிறுத்தி அதைப் போட்டதற்கு
மூன்றாவது மேசை இன்னும் முறைக்கிறது.

முந்நூறு வெள்ளியை நான் நிறுத்தவில்லை.
வசனம் பார்க்க இன்னொரு ஆள் வேணும் என்று
மேலே பேசிக்கொண்டபோது
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்காமலே பெயர் சொன்னேன்.

நேற்று, அதே நோட்டு.
காவலர் ஐ.சி.யைப் பார்த்தார்,
நிஷாலினியைப் பார்த்தார்,
மறுபடி ஐ.சி.யை.
அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள்.
'வந்த காரணம்' கட்டத்தில்
'வேலை' என்று எழுதினாள்.
பெரிய கையெழுத்து அவளுக்கு,
லையின் வால் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது.